வாசலுக்கு வந்த காகிதம்: 1977 அலையும் மைசூர்ச் சீமையும்

மைசூர் நகரின் வடமேற்கே ஸ்டேஜ் ஸ்டேஜாக விரிந்த மனைப்பிரிவு விஜயநகர். 2024இல் இந்தப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. கேசரே கிராமத்தில் 3 ஏக்கர் 16 குண்டே நிலத்துக்கு ஈடாக, முதலமைச்சர் சித்தராமையாவின் மனைவிக்கு மைசூர் நகர வளர்ச்சி ஆணையம், ஊரார் வாயில் 'முடா', விஜயநகரில் 14 மனைகள் ஒதுக்கியிருந்தது. இதில் முறைகேடு என்றன எதிர்க்கட்சிகள், முதல்வர் மறுத்தார். பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பாதயாத்திரை வந்தது, ஆளுநர் வழக்குக்கு அனுமதி கொடுத்தார், அக்டோபரில் மனைகள் திருப்பித் தரப்பட்டன. நவம்பரில் சன்னபட்டணா, சிக்காவ், சண்டூர் ஆகிய மூன்று தொகுதிகளில் இடைத்தேர்தல். மூன்றிலும் ஆளும் காங்கிரஸே வென்றது. போதிய ஆதாரம் இல்லை என்று லோகாயுக்தா போலீஸ் அறிக்கை தந்தது அதற்கும் பிறகு, 2025 பிப்ரவரியில்தான்.

வழக்கின் நியாயம் இங்கே ஆராய்பொருள் அல்ல. உரத்து ஒலிக்கும் குற்றச்சாட்டு வாக்காக மாறாமல் போவதும், யாரும் கவனிக்காத ஒரு சின்ன உத்தரவு ஆட்சியையே கவிழ்ப்பதும் எப்படி? தாம் தேர்ந்தெடுத்த தேசியத் தலைவர்மீது மக்கள் எப்போது முகம் திருப்புகிறார்கள்? இதைச் சோதித்துப் பார்க்க 1977 பொதுத்தேர்தலில் கர்நாடகம் நடந்துகொண்ட விதத்தைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை. அது விலகும் முன்பே, மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. பீகாரின் 54லும் பூஜ்யம். ராய்பரேலியில் இந்திரா காந்தியே ராஜ் நாராயணிடம் 55,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். ஆனால் கர்நாடகத்தின் 28இல் 26 காங்கிரசுக்கு. மைசூர்த் தொகுதியும் அதில் அடக்கம். ஒரே நாடு, ஒரே தலைவர், ஒரே நெருக்கடி நிலை. தீர்ப்பு மட்டும் இரண்டு.

தணிக்கையால் தெற்கே செய்தி வந்து சேரவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு இது ஒப்பவில்லை. தணிக்கை வடக்கிலும்தான் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் வாஜ்பாயும் அத்வானியும் கைதானதே பெங்களூரில். அடைக்கப்பட்டதும் பெங்களூர் மத்தியச் சிறையில். அதே ஊர்ச் சிறையில் நோயால் நலிந்து பரோலில் வெளிவந்த நடிகை சினேகலதா ரெட்டி 1977 ஜனவரியில் இறந்தார். கர்நாடகம் ஒன்றும் அறியாமல் வாக்களித்தது என்று சொல்வது கன்னட வாக்காளரைச் சிறுமைப்படுத்துவது.

வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. டில்லியில் இருக்கும் தலைவரைக் குடியானவர் நேரில் பார்ப்பதில்லை. அவர் பெயரைச் சொல்லி வாசலுக்கு வரும் ஆளையும், அந்த ஆள் நீட்டும் காகிதத்தையும்தான் பார்க்கிறார். 1976இல் உத்தரப் பிரதேசத்தில் அந்தக் காகிதம் கருத்தடை இலக்கு. ஆள் பிடித்துத் தராத பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது. டில்லி துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிந்தன, துப்பாக்கி வெடித்தது. 1976-77இல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள் நடந்ததை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. பத்திரிகையில் வராவிட்டால் என்ன? அறுவைக்குப் போய்வந்தவன் ஊருக்குள்ளேயே இருந்தான்.

இங்கே ஒரு சிக்கல். கர்நாடகத்திலும் இலக்கைத் தாண்டி அறுவைகள் நடந்தன. ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கை முடிக்க முடியாது. மைசூர்ச் சீமைக்குக் குடும்பக் கட்டுப்பாடு புதிதல்ல; சமஸ்தான அரசு 1930லேயே ஆஸ்பத்திரிகளில் கருத்தடை நிலையங்களைத் திறந்தது. 46 ஆண்டுப் பழக்கமும் ஓரிரவு முரட்டுத்தனமும் ஒன்றாகா. இதைவிட முக்கியம், அதே காலத்தில் அதே அரசிடமிருந்து வேறு காகிதங்களும் வந்துகொண்டிருந்தன.

ஹுன்சூர் தாலுகா கல்லஹள்ளியில் பிறந்தவர் தேவராஜ் அர்ஸ். 1972இல் முதலமைச்சரானார். லிங்காயத்தும் ஒக்கலிகரும் மாறிமாறி ஆண்ட மாநிலத்தில், 'அரசு' என்ற, எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தவர். ஆதிக்கச் சாதி என்ற கருத்தாக்கத்தைத் தந்த மானிடவியலாளர் எம்.என். சீனிவாசும் மைசூர்க்காரர்தான், அவர் எழுதிக் காட்டிய கட்டமைப்பை அர்ஸ் தேர்தல் களத்தில் அசைத்துப் பார்த்தார் எனலாம். பிற்பட்டோருக்காக ஹாவனூர் ஆணையத்தை அமைத்தார். 1974 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் முழக்கம், 'உளுவவனே ஹொலதொடெய': உழுபவனே வயலுக்கு உடையவன். குத்தகைதாரர் ஏழாம் எண் படிவத்தை நிரப்பித் தாலுகாவின் நிலத் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே வக்கீல்களுக்கு இடமிருக்கவில்லை. உறுப்பினர்களில் ஒருவர் தலித் அல்லது பழங்குடியாக இருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் படிவங்கள் குவிந்தன.

மைசூர்ப் பக்கத்தில் குத்தகை நிலம் குறைவு. படிவத்தின் பெரும்பயன் கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் போயிற்று. இங்கே பேசப்பட்டது ஜீத ஒழிப்பும் கடன் நிவாரணமும். வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் கொத்தடிமை முறைக்கு இந்தச் சீமையில் ஜீதம் என்று பெயர். அதைத் தடைசெய்த 1976ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், அதே ஆண்டின் கடன் நிவாரணச் சட்டமும் நெருக்கடி நிலையின் இருபது அம்சத் திட்டத்தோடு சேர்ந்து வந்தவை. பத்திரிகை ஆசிரியருக்கு வாய்ப்பூட்டு போட்ட அதே ஆட்சி, ஜீதக்காரருக்குக் கைவிலங்கைக் கழற்றியது. இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் 26 தொகுதிகளுக்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை.

விலகிப்போன இரண்டு தொகுதிகளில் ஒன்று பெங்களூர் தெற்கு. அங்கே வென்றவர் கே.எஸ். ஹெக்டே. 1973இல் பணிமூப்பை மீறி வேறொருவரைத் தலைமை நீதிபதியாக்கியதால் உச்சநீதிமன்றத்திலிருந்து ராஜினாமா செய்தவர்; பின்னர் மக்களவைத் தலைவரானார். நீதித்துறைக்கு நேர்ந்த அவமதிப்பைச் சொந்தக் காயமாக எடுத்துக்கொள்ளும் வாக்காளர் அந்த நகரத்தில் இருந்தனர். நாளிதழே அவர்கள் வாசலுக்கு வரும் காகிதம்.

1978 நவம்பரில் சிக்கமகளூர் இடைத்தேர்தலில் வீரேந்திர பாட்டீலை வென்று இந்திரா நாடாளுமன்றம் திரும்பினார். முன்னின்று உழைத்தவர் அர்ஸ். அடுத்த ஆண்டே இந்திராவும் அர்சும் பிரிந்தனர். 1980 ஜனவரித் தேர்தலில் கர்நாடகத்தின் 28இல் 27 இந்திரா காங்கிரசுக்கு; அர்ஸ் அணிக்கு ஒன்றும் இல்லை. சட்டம் அர்சுடையது, பெயர் 'அம்மா' இந்திராவுடையது என்றே கிராமம் கணக்கு வைத்திருந்தது. என் வாதத்தின் குறையும் இங்கேதான்: காகிதம் யாரால் வந்தது என்பதில் மக்கள் ஏமாறவும் கூடும். அர்ஸ் பதவி விலகினார். 1982இல் காலமானார்.

இந்த அளவுகோலைத் தமிழர் அனுபவத்திலும் வைத்துப் பார்க்கலாம். 1967இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றதற்கு இந்தி எதிர்ப்பு ஒரு காரணமென்றால், அரிசிக்கடை வரிசை இன்னொன்று. இலங்கையில் 2019இல் 69 லட்சம் வாக்கு பெற்ற கோட்டாபய ராஜபக்சவை 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓடவைத்தவை போர்க்குற்றப் புகார்கள் அல்ல. தமிழரின் அந்தக் குற்றச்சாட்டைச் சிங்களத் தெற்கு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உரத் தடையும் எரிவாயு வரிசையும் மின்வெட்டும் சிங்கள வீட்டு வாசலைத் தொட்ட பிறகே காலிமுகத்திடல் நிரம்பியது.

கர்நாடகத்தில் கெட்ட காகிதம் 1980இல் வந்தது. அர்சுக்குப் பின் முதல்வரான ஆர். குண்டுராவ் காலத்தில், மலப்பிரபா பாசனப் பகுதி விவசாயிகளிடம் நிலமேம்பாட்டு வரி கேட்டு நோட்டீஸ். கால்வாய்த் தண்ணீர் ஒழுங்காக வராத வயலுக்கும் வரி. ஜூலையில் நரகுந்த், நவலகுந்த் ஊர்களில் துப்பாக்கிச் சூடு, விவசாயிகள் இறந்தனர். அந்தக் கொதிப்பில் விவசாயிகள் சங்கம் மாநிலமெங்கும் வேர்விட்டது. 1982இல் கோகாக் மொழிப் போராட்டமும் சேர்ந்துகொண்டது. நெருக்கடி நிலையிலும் கைவிடாத காங்கிரசைக் கர்நாடகம் 1983 ஜனவரியில் முதல்முறையாக ஆட்சியிலிருந்து இறக்கியது. குண்டுராவ் தம் சோமவாரப்பேட்டைத் தொகுதியிலேயே தோற்றார்.

அதே தேர்தலில் மைசூரை ஒட்டிய சாமுண்டேஸ்வரி தொகுதி, காங்கிரசுக்கு எதிராக நின்ற ஓர் இளம் வக்கீலை முதல்முறை சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பெயர் சித்தராமையா. 2018இல், இலவச அரிசி தந்த முதலமைச்சராக அவர் அங்கே மீண்டும் நின்றபோது 36,042 வாக்குகளில் தோற்றார். அப்போது விஜயநகர் மனைகள் ஒதுக்கப்படவே இல்லை.