மனைக்கு முன் அண்டை: கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு நமக்குச் சொல்வது



வளைகுடாவிலும் சென்னையிலும் திருப்பூரிலும் உழைத்து ஓய்ந்த பலர், வாழ்வின் எஞ்சிய நாள்களைக் கழிக்க ஒரு சிற்றூரைத் தேடுகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் தென்னையும் நெல்லும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு அவர்களில் பலரை ஈர்க்கிறது. மனை பார்க்கச் செல்வோர் கேட்கும் கேள்விகள் நாம் அறிந்தவையே. கிணற்றில் எத்தனை அடியில் நீர்? மருத்துவமனை எவ்வளவு தொலைவு? பள்ளிவாசலுக்கு நடந்தே சென்றுவர இயலுமா? மையவாடி எங்கே? இவற்றை உரத்துக் கேட்டபின், ஒரு கேள்வியை மட்டும் தரகரைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர்: "இந்த ஊர்க்காரங்க நம்மளை எப்படிப் பார்ப்பாங்க?"

இக்கேள்வியைக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. கி.பி. 615-இல் மக்காவின் கொடுமை தாளாத தோழர்களை நபி (ஸல்) அவர்கள் அபிசீனியாவுக்கு அனுப்பியபோது, அந்நாட்டின் செல்வத்தையோ செழிப்பையோ காரணமாகச் சொல்லவில்லை. அங்குள்ள மன்னரிடத்தில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதையே காரணமாகச் சொன்னார்கள். மொழி வேறு, நிறம் வேறு, அன்று அம்மன்னர் நஜ்ஜாஷியின் சமயமும் வேறு. ஆயினும் அந்நாடு அடைக்கலத்துக்கு உரியதாயிற்று.

இங்கே ஒரு சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். "உங்களுக்கு" அநீதி நேராது என்று சொல்லப்படவில்லை. "எவருக்கும்" நேராது என்றே சொல்லப்பட்டது. நம் தரகரிடம் நாம் கேட்கும் கேள்வி, இந்த அளவுகோலில் பாதியே. மறுபாதி ஏன் தேவை என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறே காட்டும்.

வந்தவர்களின் நிலம்

இப்பள்ளத்தாக்கின் மக்களுள் பெரும்பகுதியினர் ஏதோ ஒரு காலத்தில் வேறிடத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. கன்னடம் பேசும் காப்பிலியர், தெலுங்கு பேசும் நாயக்கர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பிரமலைக் கள்ளர், வணிகத்தாலும் வேளாண்மையாலும் நிலைத்த இராவுத்தர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வருகைக் கதை உண்டு. 1895 அக்டோபர் 10-ஆம் நாள் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பிய பின் இந்நிலத்தின் முகமே மாறியது. இன்றும் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நீர் இருக்குமிடத்துக்கு மனிதர் வந்தனர். வந்தவர்கள் அண்டை அயலாராயினர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தேனி மாவட்ட மக்கள் தொகை 12,45,899. அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஆயினும் கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் போன்ற ஊர்களில் நம் முன்னோர் அந்நியராய் ஒதுங்கி வாழவில்லை. இராவுத்தர் என்னும் சொல்லே குதிரை வீரரைக் குறிப்பது. அருணகிரிநாதர் தம் கந்தரலங்காரத்தில் முருகனையே அச்சொல்லால் அழைத்திருக்கிறார். பிரமலைக் கள்ளரிடையே சுன்னத்துச் செய்யும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்தார். மாமன், மச்சான், சித்தப்பா என்று சமயம் கடந்து முறை வைத்து அழைக்கும் பழக்கம் மதுரைச் சீமையின் முதியோரிடம் இன்றும் உண்டு. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் நிறுவிய ஹௌதியா கல்லூரியில், சாதி சமய வேறுபாடின்றி இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் படித்து வெளியேறியிருக்கின்றனர்.

ஆகவே, "நம்மை எப்படிப் பார்ப்பார்கள்" என்னும் கேள்விக்கு இங்குள்ள பல ஊர்கள் நல்ல விடையே தரும். ஆனால் அந்த விடையோடு நின்றுவிடலாகாது.

பிறப்பின் மீது குத்திய முத்திரை

ஆங்கிலேயர் ஆட்சி 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. அதன்கீழ்ப் பிரமலைக் கள்ளர் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனக் கருதப்பட்டனர். மக்கள் இதை "ரேகைச் சட்டம்" என்றனர். கைரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். சட்டம் நீங்கியது 1947-இல். ஒரு குழந்தை பிறந்த குடியைப் பார்த்து அதன் குணத்தை முடிவு செய்வது எத்தகைய கொடுமை என்பதை இம்மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும் துயரம் பட்ட சமூகமும் பிறரது துயரத்தை மறந்துவிடும் என்பதே மனித வரலாறு. 1989 செப்டம்பரில் போடிநாயக்கனூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் முக்குலத்தோருக்கும் தேவேந்திரகுல மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் உயிர்கள் பறிபோயின, வீடுகள் எரிந்தன. சாதி கடந்த திருமணம் பற்றிய மேடைப் பேச்சு அதற்குப் பொறியாயிற்று என்பர். பொறி பற்றுவதற்கு வேண்டிய சருகு, தேநீர்க் கடையின் தனிக் குவளையிலும் ஊரின் தனிச் சுடுகாட்டிலும் பல தலைமுறைகளாகச் சேர்ந்து கிடந்தது.

அக்கலவரத்தில் நாம் ஒரு தரப்பாக இல்லை. "நமக்கு ஒன்றும் நேரவில்லை" என்று ஆறுதல் கொள்வது எளிது. ஆனால் நஜ்ஜாஷியின் நாட்டுக்குச் சொல்லப்பட்ட அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். நம்மை "வாங்க பாய்" என்று வரவேற்று நாற்காலி போடும் ஊர், அதே தெருவில் இன்னொருவரை நிற்கவைத்துப் பேசுமானால், அந்த ஊரில் எவருக்கும் அநீதி இல்லை என்று நாம் சொல்ல முடியுமா? நமக்குக் கிடைக்கும் மரியாதை அங்கே நீதியால் வந்ததா, நம் கைப்பணத்தால் வந்ததா?

நம்மிடம் வந்தவர்கள்

இக்கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது. 1981 பிப்ரவரி 19 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடெங்கும் அது பேசப்பட்டது. தலைவர்கள் வந்து சென்றனர். வெளிநாட்டுப் பணம் காரணம் என்றனர் சிலர். அம்மக்கள் சொன்ன காரணமோ மரியாதை. நம் பள்ளத்தாக்கிலும் போடி அருகே டொம்புச்சேரியில் எட்டுக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் நாற்பது பேர் சாதிக் கொடுமையைக் காரணம் காட்டி இஸ்லாத்துக்கு வந்ததாக 2022-இன் தொடக்கத்தில் நாளிதழ்கள் எழுதின.

அவர்களை நாம் தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிறுத்தினோம், அல்ஹம்துலில்லாஹ். வீடு வாடகைக்குக் கொடுத்தோமா? பெண் கொடுத்துப் பெண் எடுத்தோமா? ஜமாஅத் நிர்வாகத்தில் இருக்கை கொடுத்தோமா? பல ஊர்களில் இக்கேள்விகளுக்கு நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, அறியாமைக் காலத்துப் பண்பு இன்னும் அவரிடம் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், பழிக்கப்பட்டது அவருடைய தாயின் கறுப்பு நிறம் என்றும் அறிஞர் பலர் கூறுவர். அத்தனை சிறந்த தோழரிடமே எஞ்சியிருக்கக் கூடியது நம்மிடம் இல்லை என்று எவர் உறுதி கூற முடியும்?

ஒரு டிசம்பரில்

மனப்பான்மை மலையைப்போல் நிலைத்து நிற்பதன்று என்பதையும் நாம் அறிய வேண்டும். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. மலைக்கு மேல் ஏலத்தோட்டம், கீழே குடும்பம் என வாழ்ந்தவர்களுக்கு நடுவே ஒரு மாநில எல்லை வந்தது. அதன் பின்னரும் காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்கும் தோட்டத் தொழிலாளரால் இரு நிலங்களும் ஒன்றாகவே இருந்தன.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிணக்கு முற்றியபோது சில நாள்களில் அந்த உறவு நிலைகுலைந்தது. இடுக்கியிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அஞ்சி இறங்கி வந்தனர். கம்பம் பகுதியில் மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அங்கே தேநீர் ஆற்றியவர் ஒரே இரவில் அயலாராக்கப்பட்டார். 2014 மே 7 அன்று நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தொழிலாளரும் வணிகரும் மீண்டும் எல்லை கடந்து செல்லத் தொடங்கிவிட்டனர். ஆனால் மொழியை வைத்து ஒருவரை விரட்டிய நினைவு அவ்வளவு எளிதில் அகலாது. இன்று மொழி, நாளை சாதி, அதற்கடுத்த நாள் சமயம். விரட்டும் பழக்கம் வந்துவிட்டால் காரணத்துக்குப் பஞ்சமிராது.

சட்டமும் மனமும்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டுப் பத்திரத்திலேயே "கறுப்பினத்தாருக்கு விற்கலாகாது" என எழுதிவைத்தனர். அத்தகைய நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. இனம் பார்த்து வீடு மறுப்பதையே தடுக்கும் சட்டம் 1968-இல் வந்தது. நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. சமயத்தைக் காரணம் காட்டித் தனி வீட்டை மறுப்பதைத் தடுக்க அமெரிக்காவில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இங்கே இல்லை. சில முதியோர் குடியிருப்புகளில் "சைவ உணவு மட்டும்" என்னும் ஒற்றை விதி, யாரையும் பெயர் சொல்லி விலக்காமலேயே பலரை விலக்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக நாம் நமக்கென மதில் எழுப்பித் தனிக் குடியிருப்பு அமைத்துக்கொள்வது தீர்வாகுமா? 1997-இல் தமிழக அரசு அறிவித்த சமத்துவபுரம் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. ஓர் ஊருக்கு 100 வீடுகள். பல சமூகத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில். அனைவருக்கும் ஒரே இடுகாடு. முதல் ஊர் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் எழுந்தது. மதீனாவிலும் நபி (ஸல்) அவர்கள் வந்தவர்க்கெனத் தனித் தெரு அமைக்கவில்லை. வந்தவரையும் ஊராரையும் இருவர் இருவராக இணைத்தார்கள். பாரசீகரான சல்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் மதீனாவின் அபூ தர்தா (ரலி).

எனவே, மனை பார்க்கச் செல்லும் சகோதரர்களே, பத்திரத்தைப் படிப்பதற்கு முன் ஊரைப் படியுங்கள். தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமருங்கள். எல்லோருக்கும் ஒரே குவளையா என்று பாருங்கள். ஊரின் கடைக்கோடித் தெருவுக்கு நடந்து செல்லுங்கள். அங்கே குழாயில் நீர் வருகிறதா, இடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களிடம் 1989 பற்றியும் 2011 பற்றியும் பேச்செடுங்கள். கலவரம் நடந்ததா என்று கேட்பதைக் காட்டிலும், அந்த இரவில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பது மேல். ஒரு குடும்பத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட முதியவர் ஒருவர் உள்ள ஊர், பத்துக் கிணறுகள் உள்ள ஊரினும் வளமானது. இறுதியாக, அவ்வூர் ஜமாஅத்தில் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர் எங்கே அமர்கிறார் என்பதையும் பாருங்கள்.

நாம் தேடிப் போகும் ஊருக்கு நாமும் ஓர் அண்டை வீட்டாரே. அங்கே ஏற்கெனவே வாழ்பவர், குறிப்பாகக் கடைக்கோடித் தெருவில் வாழ்பவர், நம் வருகையைக் கண்டு தம் வீட்டாரிடம் குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்கக்கூடும்: "இவங்க நம்மளை எப்படிப் பார்ப்பாங்க?" அதற்கு நல்ல விடையாக வாழும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.