கரண்ட் இல்லாத கம்பி

1889 அக்டோபர் 11 நண்பகல், நியூயார்க் நகரின் நடுவில் ஒரு கம்பத்தில் ஏறிப் பழைய கம்பிகளை வெட்டிக்கொண்டிருந்தார் ஜான் ஃபீக்ஸ் என்ற தந்தி லைன்மேன். அவர் தொட்டது தந்திக் கம்பி. ஆளைக் கொல்லும் மின்சாரம் அதில் ஓட வழியே இல்லை. ஆனால் வேறெங்கோ அது மாறுதிசை மின்சாரம் ஓடிய ஒரு விளக்குக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து பார்க்க, அவர் உடல் நெடுநேரம் கம்பிவலையிலேயே கருகித் தொங்கியது. எடிசன் அடுத்த மாதமே மாறுதிசை மின்சாரத்தைச் சாடிக் கட்டுரை எழுதினார். அவர் விற்றுக்கொண்டிருந்தது நேர்திசை மின்சாரம் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்கச் சொல்லும் சட்டம் 1884இலேயே வந்திருந்தது. கம்பெனிகள் இழுத்தடித்தன. ஃபீக்ஸ் செத்த பிறகு மாநகராட்சி கோடரியோடு இன்னும் மும்முரமாகக் கிளம்பிக் கம்பங்களைச் சாய்த்தது.

இந்தத் தொழிலின் ஆபத்தை வோல்டேஜ் கணக்கில் அளப்பது வழக்கம். ஃபீக்ஸின் சாவு வேறொன்றைக் காட்டுகிறது: கரண்ட் இருக்கும் கம்பியைவிட, இல்லை என்று நம்பப்படும் கம்பிதான் லைன்மேனுக்கு எமன். 400 கிலோவோல்ட் லைனை நிறுத்தாமலே வேலை செய்கிறவர்கள் உண்டு. உலோக இழை கலந்து நெய்த உடுப்பை அணிந்து, கம்பியின் அதே மின்னழுத்தத்துக்குத் தங்களைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அசைவும் முன்கூட்டியே திட்டமிடப்படுகிறது, ஏனென்றால் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. நம்மூர் 11 கிலோவோல்ட் லைனிலோ ‘லைன் கிளியர்’ என்ற மின்நிறுத்த அனுமதியை வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு ஏறுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, கரண்ட் போன கடுப்பில் ஒரு கடைக்காரர், மெயினைப் பிரிக்காமல் ஜெனரேட்டரை ஓடவிட்டால்? அவருடைய 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறும்போது ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கம்பிகளை எர்த் ராடால் தரையோடு இணைத்திருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போயிருக்கும். கம்பியைத் தொடுமுன் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லின.

கையுறை போடவில்லை, பெல்ட் கட்டவில்லை, எல்லாம் கவனக்குறைவு என்பார்கள். சில சாவுகளில் அது உண்மைதான். ஆனால் கையுறை கையை மட்டும் காக்கும். குறுக்குச் சட்டங்களுக்கிடையே உடம்பை நுழைக்கிறவருக்கு முழங்கையும் பிடரியும் கம்பியில் படலாம். அனுபவம் போதும் என்பதும் நிற்காது. அமெரிக்க மின்தொழிலாளர் சங்கத்தை 1891இல் கட்டி, அதன் முதல் தலைவரான ஹென்றி மில்லர் தேர்ந்த லைன்மேன். அவரே 1896இல் வாஷிங்டனில் வேலையின்போது மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்து இறந்தார். எர்த்திங்கின் சிறப்பே, முகமறியாத ஒருவர் செய்யும் தவறுக்கும் அது ஈடுகொடுப்பதுதான். ராடு மாட்ட நேரமாகும், ஊரே போன் போட்டுக் கத்துகிறது என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே நேரமாகும், தனியாளாக வந்தவருக்கு இன்னும் கூடுதலாக. ஆனால் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கம்பத்தில் ஏறியவர் அல்ல, துணைக்கு ஆள் தராமல் அவரை அனுப்பியவர்.