தேர்: சொல்லும் பொருளும்

தேர் என்பது சக்கரங்களின் மேல் தட்டும் கூரையும் அமைந்த ஊர்தியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சங்க காலத்தில் அது மன்னரும் வீரரும் ஏறிச் சென்ற குதிரை ஊர்தி. இன்று கோயில் உற்சவரை எழுந்தருளச் செய்து, ஊரார் வடம் பிடித்து இழுக்கும் மர ஊர்தி. திருவானைக்காவலில் பங்குனி மாதம் சம்புகேசுவரருக்கும் அகிலாண்டேசுவரிக்கும் தனித்தனியே ஓடும் இரண்டு தேர்களையும், காவிரி நடுவே அதே தீவில் உள்ள திருவரங்கத்தின் சித்திரைத் தேரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் பொருள் மறந்தே போயிருக்கும்.

மலையாளத்தில் தேர், கன்னடத்திலும் தெலுங்கிலும் துளுவிலும் தேரு என்று தென்னாட்டு மொழிகள் பலவற்றிலும் இச்சொல் இருக்கிறது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இவற்றை ஒரே இனமாக வைத்துள்ளது. 'தேர்ந்தெடு' என்பதில் வரும் தேர் வேறு சொல். அதையும் இதையும் முடிச்சுப் போடச் சான்று கிடையாது. அதே பொருளில் வழங்கும் இரதம் வடசொல். சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் 'ரோட்டா', ஜெர்மன் 'ராட்' ஆகியவை அதன் உறவுகள். இரதம் சக்கரத்தின் பெயரால் வண்டியைச் சொல்கிறது. தமிழோ சக்கரத்துக்குக் கால் என்றும் பெயர் வைத்தது. வள்ளுவர் தேருக்குரிய வலிய கால் என்று சொல்வது சக்கரத்தைத்தான். மனுநீதிச் சோழன் கதையில் கன்று அகப்பட்ட 'தேர்க்கால்' அந்தப் பழைய பொருளை இன்றும் காத்து நிற்கிறது. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கோ அந்தப் பெயர் பொருந்தாது. அவை பாறையைக் குடைந்து செதுக்கிய விமான வடிவக் கோயில்கள். கல்லில் தேரைக் காண வேண்டுமானால், சக்கரமும் குதிரையும் செதுக்கிய தாராசுரத்து முன்மண்டபத்துக்குப் போக வேண்டும்.

சங்கப் பாடல்களில் தேரின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. சக்கரத்தின் வட்டை நேமி, ஆரக்கால் ஆர், முன்புறத்தில் கைபிடித்துக்கொள்ளும் தாமரை வடிவ உறுப்பு கொடிஞ்சி. பறம்பு மலைப் பாரி முல்லைக் கொடிக்கு ஈந்தது இப்படியொரு தேரைத்தான். வெயிலில் தண்ணீர்போல் தோன்றி ஏமாற்றும் கானலைப் பேய்த்தேர் என்றார்கள். போர்க்களத்திலிருந்து தேர் மறைந்த பிறகு சொல் கோயிலில் நிலைபெற்றது. அந்த மாற்றமும் பழையது: திருவாரூர் ஆழித்தேரை அப்பர் தேவாரத்திலேயே பாடியிருக்கிறார். திருவரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும் விழாவுக்கு விருப்பன் திருநாள் என்று பெயர். விஜயநகர இளவரசர் விருப்பண்ண உடையார் 1383இல் ஏற்படுத்திய விழா அது. தேர் ஓடும் வீதிக்கே சித்திரை வீதி என்று பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் தேரடி இல்லாத பழைய கோயிலூர் அரிது.

சொல்லின் இன்றைய உயிர் தேரை ஓட்டுகிறவர்களின் பேச்சில் இருக்கிறது. இழுக்கும் கயிறு வடம். பீடத்தின் மேலே மூங்கிலும் துணியும் கட்டி எழுப்பும் அலங்காரத்தில் தொங்கும் துணி உருளை தொம்பை. தேர் நிற்கும் இடம் நிலை, ஏறுவதற்கான படிக்கட்டு மேடை தேர்முட்டி. பின்சக்கரத்தின் அடியில் நெம்புகோல் கொடுத்துத் தள்ளுவதைக் கொங்கு நாட்டில் சன்னை போடுதல் என்பார்கள், நெல்லையில் தடி போடுதல் என்பார்கள். சக்கரத்தின் முன் செருகும் ஆப்பு வடிவ மரம் முட்டுக்கட்டை. ஊர்ப்பேச்சில் அதற்குத் தடை என்று பொருள் ஏறியிருப்பது அந்தக் கட்டைக்குச் செய்த அநியாயம். பல நூறு பேர் முன்னே இழுக்க, கட்டை போடுகிறவர் உருளும் சக்கரத்தை ஒட்டியே குனிந்து நடக்கிறார். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், தேர் அங்கே திரும்பும். முட்டுக்கட்டைதான் தேரின் பிரேக், அதுவே ஸ்டியரிங். கட்டையைக் கொடுக்கும் நொடி தவறினால் வீட்டுச் சுவரோ உயிரோ போகும். வீதி முனையில் ஆழித்தேரைத் திருப்ப இரும்புத் தகடு விரித்து மசகு தடவுவார்கள். அந்த இடத்தில் மட்டும் தேர் உருளாமல் பனிநாட்டு வண்டிபோலச் சறுக்கித் திரும்பும். அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உள்ள அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம்.

தேரோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் சப்பரம். தெலுங்கில் விதானம், பந்தல் என்னும் பொருளுள்ள 'சப்பரமு' அதன் மூலம். தமிழில் சாமியைத் தோளில் சுமக்கவோ சிறு சக்கரத்தில் இழுக்கவோ கட்டும் எளிய அமைப்பை அது குறிக்கும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாவின்போது இழுத்துச் சென்ற ஊர்தி உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். செய்திகள் தேர் என்றன. அது தேரல்ல, சப்பரம் என்று அரசுத் தரப்பு சட்டப்பேரவையில் விளக்கியது. அகராதிப்படி அந்த விளக்கம் சரியே. ஆனால் மின்கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர் எதுவானாலும், வீதியில் உயரமாக எதை இழுத்தாலும் மின்சாரத்தை நிறுத்தியே இழுக்க வேண்டும்.

வடம் பிடிக்கும் உரிமையும் இச்சொல்லின் வரலாற்றில் சேரும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்ற பேச்சு எல்லார் வாயிலும் இருக்க, சாதியைக் காட்டி வடத்தைத் தொடவிடாத ஊர்களும் இருந்தன. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் இந்த உரிமைச் சிக்கலால் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்ற தேர் 2024இல் மீண்டும் ஓடியது. ஈழத் தமிழர்களோடு இச்சொல் பனி பெய்யும் நாடுகளுக்கும் போயிருக்கிறது. ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து தமிழர் வருகிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இலக்கியத் தேருக்கு அதில் நல்ல இடம் உண்டு. தேரோட்டிகளின் தொழிற்சொற்களோ ஊருக்கு ஊர் வேறுபடுபவை. பிரேக் வந்தபின் கட்டை போடுகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். உங்கள் ஊரில் தேர் ஓடினால், அவர்களிடம் கேட்டு அந்தச் சொற்களை எழுதி வையுங்கள்.