‘சிக்’ என்னும் சொல்லும் நலிந்த ஆலைகளும்

பணியின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் ‘சிக்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாத பாட்டிமாரும் இலர். வீட்டுத் தலைவர் ‘சிக் லீவு’ என்றால் அடுக்களையில் கஞ்சி கொதிக்கிறது என்று பொருள்; சில வேளைகளில் ஊரிலிருந்து உறவினர் வந்திருக்கின்றனர் என்றும் பொருள்! இச்சொல் கடந்து வந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

பழைய ஆங்கிலத்தில் உடல்நலம் குன்றியோரைக் குறித்த பொதுச்சொல் இதுவே. இன்று இதற்கு இணையாக ஆளப்படும் ‘இல்’ என்பது (நம் இல்லத்தைக் குறிக்கும் இல் அன்று) ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து பின்னர் வந்து சேர்ந்தது. தீமை என்பதே அதன் முதற்பொருள்; நோய் என்னும் பொருள் 15-ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு வாய்த்தது. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலும் பிணியாளர் ‘சிக்’ என்றே குறிக்கப்படுகின்றனர். நாளடைவில் இங்கிலாந்தில் இச்சொல் குமட்டலுக்கும் வாந்திக்கும் ஒதுங்கியது. அமெரிக்காவில் பழம்பொருளே நிலைத்தது. விடுப்பு, படுக்கை ஆகியவற்றைச் சார்ந்து வருங்கால் இங்கிலாந்திலும் அப்பொருள் மாறவில்லை. நம் அலுவலகங்களுக்கு வந்தது அந்த விடுப்புச் சொல்லே.

இந்நாட்டில் அது மனிதரோடு நிற்கவில்லை. இரயில்வேயில் பழுதுற்ற பெட்டி ‘சிக்’ எனக் குறியிடப்பட்டு, ‘சிக் லைன்’ என்னும் தனிப் பாதைக்குச் செல்லும். செப்பனிட்டபின் ‘ஃபிட்’ எனச் சான்று பெற்றுத் திரும்பும். இரயில்வேக் குடியிருப்புகளில் வளர்ந்தோருக்கு இது புதிதன்று.

அடுத்து இச்சொல் ஆலைகளைப் பற்றியது. நலிந்த நூலாலைகளை நடத்தவென 1968-இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் தோன்றியது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 103 ஆலைகள் நாட்டுடைமையாயின. கோவை ஆலைகளும் அவற்றுள் அடக்கம். 1985-இல் தொழில் நிறுவனங்களுக்கென வந்த சட்டம் தன் பெயரிலேயே இச்சொல்லைத் தாங்கியது. திரண்ட நட்டம் நிகர மதிப்பு முழுவதையும் விழுங்கிவிடுதலே அதன்படி நோய்க்குறி.

இந்தியில் இதனை ‘ருக்ண’ என்று பெயர்த்தனர். நோயுற்றது என்பதே பொருள். தமிழில் ‘நலிந்த’ என்கிறோம். நம் ஆட்சியே சிறந்தது என்போம். நோய் என்றால் விதியின்மீது பழியைப் போட்டுவிடலாம். நலிதல் என்னும் வினைக்கோ வருந்துதல், வருத்துதல் என இரு பொருளும் உண்டு. ஆகவே, ஆலை நலிந்தது என்றவுடன் நலிந்தவர் யார், நலிவித்தவர் யார் என்று கேட்க இடமிருக்கிறது. மூடிய ஆலையின் வாயிலில் நின்ற தொழிலாளி கேட்டதும் அதுவே. தனக்குக் காய்ச்சல் என்றால் அவர் மருத்துவச் சான்று காட்டலாம். ஆலைக்குக் காய்ச்சல் என்றபோது அவர் வீட்டில் அடுப்பு அணைந்தது, பிள்ளையின் படிப்பு நின்றது. ‘ஃபிட்’ சான்று பெறாமலே போன ஆலைகள் பல.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் 2016 டிசம்பர் 1-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் இருப்பது நொடிப்புச் சட்டம். அதன் பெயரில் நோயில்லை. இரயில்வேயில் மட்டும் பெட்டிகள் இன்றும் ‘சிக் லைனில்’ நிற்கின்றன.