நிந்தவூர் வயல்மண்ணும் நெற்பயிரின் ஆகாரமும்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியை ஒரே கட்டளையால் நிறுத்திய இலங்கை அரசாங்கமும், அக்கட்டளையை எதிர்த்து வீதியில் இறங்கிய விவசாயிகளும், இரு தரப்பையும் ஆதரித்து ஏட்டிலும் மேடையிலும் வாதம் புரிந்தவரிற் பலரும், தம்முள் எத்துணை மாறுபட்டிருப்பினும், பசளை என்பது ஒரே பொருள், அதனை இடலாம் அல்லது இடக்கூடாது என்று கருதிய அளவில் ஒத்த மனத்தினராகவே காணப்பட்டனர். மண் அவ்வாறு கருதுவதில்லை. நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் வெவ்வேறு வழியால் மண்ணை அடைந்து, வெவ்வேறு விதமாகத் தங்கி, வெவ்வேறு கதியில் வெளியேறுகின்றனவாதலால், ஒன்றைக் குறித்துச் செல்லுபடியாகும் தீர்ப்பு மற்றொன்றைக் குறித்துப் பிழையாகிவிடுகின்றது. அம்பாறைக் கரையோரத்து நிந்தவூரின் வயல்களை முன்வைத்து இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊருக்குக் கிழக்கே, தென்னை நிற்கும் கடலோரம் மணற்பாங்கு; மேற்கே வட்டைகள் பரந்து கிடக்கும் தாழ்நிலம் வண்டலும் களியும் கலந்தது. மணலுக்குப் பற்றும் சக்தி குறைவாதலின் இட்ட பசளை மாரி மழையிற் கரைந்து கீழிறங்கிவிடும். களித்துகளும் உக்கலுமோ எதிரேற்றம் உடையனவாகையால், நேரேற்றம் பெற்ற அமோனியம், பொற்றாசியம், கல்சியம் முதலியவற்றைத் தம்மிடம் இருத்திக்கொண்டு, வேர் ஐதரசன் அயனை வெளியிடுந்தோறும் அதற்கு ஈடாக அவற்றை விடுவிக்கின்றன. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்குவதற்கு முன்னர், மாரி வெள்ளம் மலையடிவாரத்து வண்டலை அள்ளிவந்து இத்தாழ்நிலத்திற் பரப்பியது. அத்திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் அமைந்தபின் சிறுபோகத்துக்கு நீர் உறுதியாயிற்று. ஆனால் அவ்வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே படிந்துவிடுகின்றது. போகம் இரட்டித்தது, புதுமண் வரவு குறைந்தது. இந்த மாற்றத்துக்கு நம்மவர் கொடுத்த கவனம் மிகவும் சொற்பம்.

மாரிப் போகத்தின் நடுவில் வயலில் இறங்கி ஒரு நெற்புதரை வேரோடு பிடுங்கிப் பார்ப்பவர், நீலம் பாய்ந்த சாம்பல்நிறச் சேற்றினின்று வெளிவரும் வேர்கள் துருவேறிய கம்பிபோற் செம்மஞ்சள் நிறம் பூண்டிருப்பதைக் காணலாம். மண் நீரில் மூழ்கிய ஓரிரு நாட்களில் அதிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோக, நுண்ணுயிர்கள் முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும், அதன்பின் இரும்பையும் தாழ்த்தித் தம் சுவாசத்தை நடத்துகின்றன. கரையத்தக்கதாய் மாறிய அந்த இரும்பு, நெல்வேர் தன்னூடாகக் கசியவிடும் ஒட்சிசனைச் சந்தித்த இடத்தில் மீண்டும் துருவாகிப் படிகின்றது. இவ்விரசாயனத்தை முறையாக விளக்கியவர் நம் நாட்டவரான பெலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, நீரில் மூழ்கிய மண்களின் இரசாயனத்தைப் பற்றி அவர் 1972இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுரை இன்றும் இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. இரும்போடு பிணைந்து வேருக்கு எட்டாதிருந்த பொசுபேற்று, இரும்பு தாழ்த்தப்படும்போது விடுபட்டுப் பயிருக்குக் கிட்டுகின்றது என்பதே அதிலிருந்து விவசாயி அறியவேண்டிய பிரதான உண்மை. ஏக்கருக்கு 2 தொன் விளையும் நெல் ஏற்பது ஏறக்குறைய 5 அல்லது 6 கிலோ பொசுபரசே. ஆகவே பல்லாண்டுகளாகப் பொசுபேற்று இட்டுவந்த வயல், ஓரிரு போகம் அதனைப் பெறாவிடினும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

நைதரசனின் நிலையோ முற்றிலும் வேறு. அதே 2 தொன் நெல்லுக்கு 30 முதல் 40 கிலோ நைதரசன் வேண்டும். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் 40 கிலோவைத் தேடினால் ஏக்கருக்கு 4 தொன் வேண்டும். அதிலும் முதற் போகத்தில் மூன்றிலொரு பங்குகூடப் பயிரின் கைக்கு வருவதரிது. இத்தனை எருவை ஒவ்வோர் ஏக்கருக்கும் எங்கே ஆக்குவது, யார் சுமப்பது என்ற வினாவுக்கு 2021இல் விடை சொன்னவர் எவருமிலர். அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்தபோதிலும் பயிருக்கு வேண்டிய வேளையிற் பசளை வந்துசேரவில்லை. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் செய்த மதிப்பீட்டின்படி, 2022இன் நெல் உற்பத்தி சுமார் 30 இலட்சம் தொன். முந்திய ஐந்தாண்டுச் சராசரியினும் 42 சதவீதம் குறைவு. விளைச்சல் முற்றாக அழியாமைக்கும் காரணம் மண்ணே: யூரியா இட்ட வயலிலும் பயிர் உண்ணும் நைதரசனிற் பாதிக்கு மேற்பட்டது பொதுவாக மண்ணின் சேதனப் பொருள் உக்கித் தருவதாகும்.

“எங்கள் வாப்பாமார் யூரியா கண்டார்களா?” என்று வினவுவோர் உளர். கண்டதில்லை, ஆனால் அவர்கள் விதைத்த நெடுநெல் இன்றைய பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலைய இனங்களின் விளைச்சலைத் தந்ததுமில்லை. ஒருபோகம் முடிந்த வயலில் மாடும் எருமையும் தாளை மேய்ந்து சாணமிட்டன. வெள்ளம் வண்டல் தந்தது. அந்த வரவுகளை இழந்துவிட்டு அக்காலத்து வழக்கத்தை மட்டும் மீட்கலாமென எண்ணுதல் நியாயமன்று. எனினும் யூரியாவின் பக்கத்து வாதிகளும் குற்றமற்றவரல்லர். தேங்கிய நீரின்மேல் நண்பகலில் வீசப்பட்ட யூரியா, பாசியால் காரத்தன்மை ஏறிய அந்நீரிலிருந்து அமோனியா வாயுவாக வானேறுகின்றது. நீரை வடித்து, சேற்றின்மேல் இட்டு, பின்னர் வக்கடை திறந்து நீர் பாய்ச்சுவோர் குறைந்த மூடையிலேயே நிறைந்த பயனை அடைவர்.

பொற்றாசியத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. 2 தொன் நெல்லுக்குப் பயிர் ஏற்கும் 30 முதல் 40 கிலோவில் ஐந்தில் நான்கு பங்கு மணியில் அன்று, வைக்கோலில் இருக்கின்றது. சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் களவெட்டியிற் குவிந்தது. இன்று அறுவடை இயந்திரம் அதனை வயலிலேயே உதிர்த்துவிட்டுச் செல்ல, நாம் தீ மூட்டுகிறோம். நைதரசன் ஏறத்தாழ முழுவதும், கந்தகத்தில் ஒரு பங்கும் புகையாகப் போகின்றன. சாம்பலில் எஞ்சும் பொற்றாசியம் முதல் மழையோடு வாய்க்காலில் இறங்குகின்றது. பின்னர் அதே பொற்றாசியத்தைக் கடல் கடந்து வந்த சிவந்த உப்பாக மூடைவிலை கொடுத்து வாங்குகிறோம். விதைப்புக்குச் சில வாரம் முன்னரே வைக்கோலை உழுது புதைத்தல் வேண்டும். கடைசி நேரத்திற் புதைத்தால் அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் அமோனியத்தைத் தாமே கவர்ந்து, இளம்பயிரை மஞ்சளிக்கச் செய்யும்.

விளைச்சலுக்கு ஸகாத் கணிக்கையில், மழைநீரால் விளைந்ததற்குப் பத்திலொன்றும், இறைத்துப் பாய்ச்சி விளைந்ததற்கு இருபதிலொன்றும் எனப் பிரித்து, நீர் வந்த வழியை விசாரித்தே தீர்ப்புச் சொல்வது நம் ஊர்களின் மார்க்க வழக்கம். பயிரின் ஆகாரம் வந்த வழியையும் அவ்வாறே விசாரிக்குமாறு விவசாயச் சங்கங்களையும் கமநல சேவை நிலையங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மாரி விதைப்புக்கு முன் வட்டைதோறும் மண்ணைப் பரிசோதித்து, நைதரசனுக்கும் பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் தனித்தனிக் கணக்கெழுதுங்கள், அதுவரையில் வைக்கோலுக்குத் தீ மூட்டாதீர்கள்.