மேல்மாடி எழுப்புமுன் கணக்கெழுதுவோம்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்” என்பது எம் மக்கள் மத்தியில் வழங்கும் பழமொழி. ஒவ்வொன்றுமே ஒரு குடும்பத்தின் பொறுமையையும் பணப்பையையும் சோதித்துவிடும் என்பதே அதன் பொருளாகும். ஆனால் இன்று வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிலும், கிழக்கில் காத்தான்குடி போன்ற சனநெரிசல் மிக்க ஊர்களிலும் வாழும் பெற்றோர் பலர் இவ்விரண்டையும் ஒரே வேளையில் செய்து முடிக்க வேண்டியவர்களாக உள்ளனர். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் வேரூன்றியுள்ளது. புதிதாகக் காணி வாங்குவதோ நடுத்தர வருமானம் உடையோருக்கு எட்டாக்கனியாகிவிட்டது. ஆகவே, இருக்கின்ற வீட்டைத் திருத்தி அதன்மேல் ஒரு மாடியை எழுப்புவதே எஞ்சியுள்ள வழியாகின்றது.

இது தவறான வழியன்று. ஆனால் கணக்கின்றி ஆரம்பிக்கப்படும் வேலை பாதியில் நின்றுபோவதை நாம் எல்லா ஊர்களிலும் காண்கின்றோம். கூரை நீக்கப்பட்டு, தூண்களின் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நிற்கும் வீடுகள் பல. திருமணத் திகதி நெருங்க நெருங்க, தாயின் நகை அடகுக்குச் செல்கின்றது. வெளிநாட்டிலுள்ள மகனிடம் மீண்டும் மீண்டும் பணம் கேட்கப்படுகின்றது. இறுதியில் வீடும் முடிவதில்லை, குடும்ப நிம்மதியும் எஞ்சுவதில்லை.

அண்மைய ஆண்டுகளின் அனுபவம் இதனை மேலும் உணர்த்துகின்றது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 2021இன் தொடக்கத்தில் 1,000 ரூபாவளவில் விற்கப்பட்ட 50 கிலோ சீமெந்து மூடையின் விலை 2022இல் மூன்று மடங்கை அண்மித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றிருந்தோரின் மாதாந்தத் தவணை கண்முன்னே வீங்கியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. அக்கொந்தளிப்பு பின்னர் தணிந்தது உண்மையே. எனினும் கம்பி, மின்கம்பி, குளியலறைப் பொருட்கள் போன்றவற்றின் விலை டொலரோடு பிணைந்துள்ள வரையில், இன்றைய விலை ஆறு மாதத்தின் பின்னரும் இருக்கும் என எவரும் உறுதி கூற முடியாது.

ஆகவே, கணக்கை எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலானோர் தமக்கு வேண்டிய அறைகளிலிருந்து தொடங்குகின்றனர். கையிலுள்ள பணத்திலிருந்து தொடங்குவதே சரியான முறை. உதாரணமாக, ஒரு குடும்பத்திடம் 50 இலட்சம் ரூபா உள்ளது என வைத்துக்கொள்வோம். இதில் 15 சதவீதத்தை, அதாவது ஏழரை இலட்சத்தை, எதிர்பாராச் செலவுக்கென முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பழைய சுவரை உடைத்த பின்னரே உள்ளே உக்கிய குழாயும் கறையான் அரித்த மரமும் தென்படும் என்பதால், திருத்த வேலையில் இந்த ஒதுக்கீடு இன்றியமையாதது. வரைபடம், பொறியியலாளரின் ஆலோசனை, அனுமதிக் கட்டணம், நீர், மின் இணைப்பு மாற்றம் ஆகியவற்றுக்கு இரண்டரை இலட்சம் எனக் கொண்டால், வேலைக்கு எஞ்சுவது 40 இலட்சமே. ஒப்பந்தகாரர் சதுர அடிக்கு 10,000 ரூபா கேட்பாராயின் 400 சதுர அடியே கட்ட முடியும். குடும்பம் மனதில் வைத்திருப்பதோ 700 சதுர அடியாக இருக்கலாம். இந்த 30 இலட்சம் ரூபா இடைவெளி கடதாசியில் தெரியவந்தால் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். கூரையைக் கழற்றிய பின்னர் தெரியவந்தால் கடன்காரனின் வாசலுக்கே செல்ல வேண்டிவரும்.

சதுர அடிக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி, மின்னிணைப்பு, கதவு, யன்னல், வர்ணப்பூச்சு ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்பதைப் பலர் கேட்பதில்லை. ஒவ்வொரு வேலையின் அளவையும் விலையையும் தனித்தனியே காட்டும் பட்டியலொன்றை எழுத்தில் பெற்று, குறைந்தது மூவரின் பட்டியல்களை ஒப்பிட வேண்டும். முற்பணத்தைச் சிறிதாக்கி, முடிந்த வேலைக்கேற்பக் கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்து, ஒரு பகுதியை மழைக்காலம் ஒன்று கழியும் வரை நிறுத்திவைப்பது நன்று. கூரை ஒழுகினால் பாஸை மீண்டும் அழைத்துவர அப்பணமே உதவும்.

கண்ணுக்குத் தெரியாத செலவே முதலிடம் பெற வேண்டும். ஒரு மாடிக்கென இடப்பட்ட பழைய அத்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளரே கூற வேண்டும். மேசனின் அனுபவம் மட்டும் இதற்குப் போதாது. 1,000 லீற்றர் தண்ணீர் நிரம்பிய தாங்கி ஒரு தொன் எடையுடையது என்பதை நினைவிற்கொண்டால் இதன் முக்கியத்துவம் விளங்கும். இச்செலவைத் தவிர்த்து மாபிளுக்கும் பென்ட்ரி அலமாரிக்கும் செலவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அனுமதியும் அவ்வாறே. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கட்டுவதற்கு முன் அனுமதியும் கட்டி முடித்த பின் இணக்கச் சான்றிதழும் பெறப்பட வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” எனக் கட்டப்படும் மாடியை இடிக்க நீதிமன்றக் கட்டளை பெறப்படலாம். அதுவரை செல்லாவிடினும், வங்கிக் கடன் பெறும்போதும் விற்கும்போதும் அக்குறை வெளிப்படும். தொடர்மாடி வீட்டில் வசிப்போர் சுவரை அகற்றுமுன் அதன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் இணக்கத்தையும் பெறுதல் வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் இங்கு கூறியாக வேண்டும். மேல்மாடியை மகளுக்குக் கொடுப்பதாக வாயால் சொல்வது எளிது. ஆயின் ஒரே காணியில் உள்ள வீட்டின் மேல்மாடியை மட்டும் தனிச்சொத்தாக உறுதி எழுதுவதற்குக் கூட்டாதன முறைப்படியான வரைபடமும் பதிவும் தேவைப்படும். மகனின் உழைப்பும் மருமகனின் பணமும் கலந்து எழுந்த மாடி, பெற்றோரின் காலத்துக்குப் பின் உடன்பிறப்புகளை வழக்குமன்றத்தில் நிறுத்தியமை நாம் அறியாததன்று. யாருடைய பணம் எவ்வளவு, யாருக்கு எந்தப் பங்கு என்பதை முதற்கல் வைக்குமுன் நொத்தாரிசின் ஆலோசனையுடன் எழுதிக்கொள்வது உறவைக் காக்கும்.

பணம் போதாவிடின், வேலையைக் கட்டங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் முழுமை பெற்று, மழைக்கு ஒழுகாது, குடியிருக்கத் தக்கதாக அமைய வேண்டும். தூண்கள், கொங்கிரீட் தளம், படிக்கட்டு, கூரை ஆகியன முதற்கட்டம். ஓர் அறையும் மலசலகூடமும் இரண்டாம் கட்டம். அழகு வேலைகள் இறுதிக் கட்டம். கொழும்பில் கூரையைக் கழற்ற ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் ஏற்றது. கிழக்கில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னரே தொடங்க வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை உடைக்காது, நனைத்து, முழுதாகக் கழற்றுவதற்கான கூலியையும் சேர்த்துக்கொள்ளல் அவசியம். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. வேலை நடக்கும் மாதங்களில் வேறிடத்தில் தங்க நேரின் அதற்குரிய வாடகையும் கணக்கில் அடங்க வேண்டும்.

கடன் பெறுவோர் தவணைத் தொகையை மட்டுமன்றி, இறுதிவரை செலுத்தும் மொத்தத் தொகையையும் கேட்டறிய வேண்டும். வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் சகோதரர்கள் இஸ்லாமிய வங்கி முறைகளை நாடலாம். அங்கும் இலாபம் சேர்ந்த மொத்த விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம். சீட்டுப் பணத்தை நம்புவோர் அது கைக்கு வந்த பின்னரே வேலையைத் தொடங்கட்டும்.

திருமணத் திகதிக்காக வீட்டை அவசரப்படுத்துவதை விட, முடிந்த அறையொன்றில் புதுமணத் தம்பதியர் வாழ்வைத் தொடங்குவது மேலானது. இரு வீட்டாரும் இதனை ஏற்கும் மனப்பக்குவத்தைப் பெறுவார்களாயின், பெண்ணைப் பெற்றவர்களின் சுமை பாதியாகக் குறையும். மாடியின் உயரமன்று, கடனின்றி உறங்கும் இரவே ஒரு வீட்டின் பெருமை. அதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் பேனையும், குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமரும் ஒரு மாலைப் பொழுதும் மட்டுமே. முதல் மூடை சீமெந்து வாங்குமுன் அம்மாலையை ஒதுக்குமாறு எமது வாசகர்களை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.