மரை பிடிக்கிற இடம்

அம்மாவின் தோட்டுத் திருகாணிகள் இரண்டில் ஒன்றுக்குச் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அது வலது காதுக்கு உரியது. ஒரே ஆசாரி ஒரே வாரத்தில் செய்த ஜோடிதான். இருந்தும் வலதுக்கான திருகாணி இடது தோட்டில் ஏறாது. முக்கால் சுற்றுப் போய் முரண்டு பிடிக்கும். அழுத்தித் திருகினால் பொன்னில் இருக்கிற மரை வழித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் தோடு காதில் நிற்காது. அதனால்தான் அந்த நூல்.

சேந்தமங்கலத்தில் அப்பா வைத்த சைக்கிள் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். போன ஐப்பசியில் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். கொல்லிமலைக்கு ஏறிவிட்டு இறங்கியிருக்கிறான். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முன் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஆட ஆரம்பித்து, கடைசி வளைவுகளில் ஒற்றை போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“டைட் வெச்சா சுத்திக்கிட்டே இருக்குதுங்கண்ணா, நிக்கவே மாட்டேங்குது.”

போல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் மரை இடுக்குகளில் வெள்ளையாக ஒரு சுருள் சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பியதும் பேனா ஸ்பிரிங் போல நீண்டு வந்தது. ஃபோர்க்கின் துளைக்குள் இருக்க வேண்டிய அலுமினிய மரை அது. முழுசாக உரிந்து போல்ட்டோடு வந்திருந்தது. “உட்டுட்டுப் போ தம்பி, நாளைக்கு வா” என்றேன்.

புத்தி பேதலித்தவரை மரை கழண்டவன் என்று ஊரில் சொல்கிறோம். மனிதர்மேல் அந்தச் சொல்லைப் போட எனக்கு மனம் வருவதில்லை. கழண்ட மரை எப்படிப்பட்டது என்று தினமும் பார்க்கிறவன் நான். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். போல்ட்டும் சுற்றும், இறுகுகிற மாதிரியும் தெரியும். பாரம் ஏறுகிற நேரத்தில்தான் விட்டுவிடும்.

இந்தச் சீமை இரும்புக்குப் பேர் போனது. சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலையின் இரும்புக் கல்லை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் கும்பினி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் கொல்லர்கள் கொழுவும் மண்வெட்டியும் வண்டிப்பட்டாவும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சாமான் எதிலும் மரை கிடையாது. வண்டிச் சக்கரம் கழலாமல் இருக்கக் கடையாணி. ஏர் நிற்க ஆப்பு. இரண்டு தகடு சேர ரிவிட் மாதிரி அடித்து மடக்கிய ஆணி. எங்கள் பக்கத்துக் குடியானவன் வீட்டில் மரை என்று ஒன்று இருந்ததென்றால், அது பெண்களின் காதில் இருந்ததுதான். தட்டார் கையால் வெட்டிய மரை. ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, தன் தோட்டோடு சேர்ந்தால் போதும்.

இங்கிலாந்திலும் நிலைமை அதேதான் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பட்டறையின் போல்ட் அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, 1841-இல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணக்கைச் சொன்னார். மரையின் பள்ளம் 55 டிகிரி. இத்தனை கனத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை. கால் அங்குல போல்ட்டுக்கு 20. லாரிப் பட்டறைகளில் இன்றும் ‘விட்வொர்த்’ என்று சொல்வது இவர் பெயரைத்தான்.

சைக்கிளுக்கு அந்த மரை ஒத்துவரவில்லை. குழாய் மெல்லிசு, ஆட்டம் அதிகம். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோகம் மிச்சம் இருக்காது, இடைவெளி பெரிசாக இருந்தால் ஆட்டத்தில் நட்டு தளரும். அதனால் அங்கே சைக்கிள் பொறியாளர்களின் சங்கம் 1902-இல் தனியாக ஒரு மரையை வகுத்தது. பள்ளம் 60 டிகிரி. பெரும்பாலான அளவுகளுக்கு அங்குலத்துக்கு 26. ‘இருபத்தாறு மரை’ என்று அப்பா வாயில் நான் கேட்டது இதுதான். முன் அச்சு 5/16 அங்குலம், பின் அச்சு 3/8 அங்குலம், இரண்டுக்கும் இருபத்தாறு மரை. பெடலுக்கு மட்டும் 20. அதிலும் இடது பெடலுக்கு எதிர் மரை. கடைக்கு வேலை பழக வந்த பையன்கள் முதல் வாரத்தில் பாழாக்குவது அந்த இடது பெடலைத்தான். ராலே கம்பெனியோ தனக்கென்று வேறொரு வழி வைத்திருந்தது. மற்ற வண்டிகளில் கிராங்க் அச்சைத் தாங்குகிற பி.பி. கப்புக்கு 24 மரை, ராலேயுடையதற்கு 26. ஒன்றை மற்றதில் ஏற்றினால் இரண்டு சுற்றில் இறுகிவிடும். அதை இறுக்கம் என்று நம்பிக் கம்பியை நீட்டிப் பிடித்துத் திருகி மரையைக் கெடுத்த சைக்கிள் சட்டங்களை அப்பா நிறையப் பார்த்திருக்கிறார்.

1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் செய்தபோது, கூட்டாளி பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ். ஆகவே மரையும் பர்மிங்ஹாம் மரைதான். பிறகு 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா, 1958-இல் இருந்து படிப்படியாகச் சேர் போய் கிலோ. சந்தையில் படிக்கல் மாறியது, துணிக்கடையில் கஜக்கோல் மாறியது. பட்டறையில் அப்படி ஒரே மூச்சில் எதுவும் மாறவில்லை. அங்குல மரை போட்ட சைக்கிள்கள் ஓடிக்கொண்டே இருந்தன, எம்.எம். போல்ட்டுகள் கடைக்கு வந்து குவிந்தன. இரண்டும் ஒரே தகர டப்பாவில் கிடந்தன.

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கால் அங்குலம் இருபத்தாறு மரை நட்டு ஒன்று, ஆறு எம்.எம். போல்ட் ஒன்று. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் பள்ளம் 60 டிகிரி. எம்.எம். போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர். இருபத்தாறு மரையில் 0.977. போல்ட்டின் கனம் 6, நட்டுக்கு உரிய கனம் 6.35. போல்ட் உள்ளே போகும். வெண்ணெயில் போகிற மாதிரி சுகமாகப் போகும். இறுக்கினால் இறுகவும் செய்யும். ஆனால் மரை முழு ஆழத்துக்குப் பிடிக்காது, நுனிகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பால்காரர் நாற்பது லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் பிரேக்கை அழுத்துகிற ஒரு நாளில் அந்த நுனிகள் சரியும். மரை போன சைக்கிள்களில் பாதிக்கு மேல் இந்தக் கல்யாணத்தில் போனவைதான் என்பது என் அனுபவம்.

அப்பாவின் வழக்கம் ஒன்று உண்டு. யார் என்ன போல்ட் கேட்டாலும் முதல் கேள்வி: “இஞ்சா, எம்மெம்மா?” அடுத்து, “மொதல்ல கையில ஏத்து. மூணு சுத்து கையில ஏறட்டும், அப்புறம் ஸ்பேனரத் தொடு.” கையில் ஏறுகிற சுகத்திலேயே சந்தேகப்படவும் கற்றுக்கொடுத்தார். உள்ளே போன போல்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். கிளிக் கிளிக் என்று ஆடினால் எம்.எம்.

ஆனால் அந்தக் காலத்தில் பிரேக்கால் சட்டம் கெட்டது என்று ஒரு வண்டிகூட வந்ததில்லை. காரணம் இருக்கிறது. எங்களிடம் பதினெட்டு வாடகை சைக்கிள்கள் இருந்தன, மட்கார்டில் நம்பர் எழுதினவை. மணிக்கு இத்தனை பைசா என்று எடுத்துப் போய்க் குரங்குப் பெடல் போட்டுப் பழகின பிள்ளைகள் அவற்றை வேலியிலும் வாய்க்காலிலும் விட்டிருக்கிறார்கள். எல்லாம் கம்பிப் பிரேக். கைப்பிடியில் இருந்து கம்பி இறங்கி, சக்கரத்தின் ரிம்முக்கு அடியில் இருக்கிற லாடம் போன்ற கம்பியை மேலே இழுக்கும். அந்தக் கம்பிகளைச் சட்டத்தோடு பிடித்துவைப்பது கிளிப்புகள். குழாயைச் சுற்றிக் கட்டி, போல்ட் நட்டால் முடுக்கின கிளிப்புகள். சட்டத்தில் பிரேக்குக்கென்று ஒரு துளை மரைகூட இல்லை. மரை கெட்டால் போல்ட்டையும் நட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போட வேண்டியதுதான். பிற்பாடு கேபிள் பிரேக் வந்தபோதும், ஃபோர்க்கின் தலையில் போல்ட் ஊடுருவிப் போய் மறுபக்கம் நட்டில் நின்றது. கெடுகிற பாகம் மாற்றக்கூடிய பாகமாக இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தவர்களை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

1990களின் பின்பாதியில் அந்த ஏற்பாடு குலைந்தது. ஷிமானோவின் வி-பிரேக் 1996-இல் வந்தது. சில வருடங்களில் அதைப் போன்றவை நம் ஊர் ரேஞ்சர் வகை வண்டிகளிலும் ஏறின. ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் சுண்டுவிரல் நுனி போல ஒரு முளை பற்றவைத்திருக்கும். பிரேக் கை அதில் கோத்து, ஆறு எம்.எம். போல்ட்டால் நிற்கும். மரை இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த முளையின் வெளிக்கனம் 8 மில்லிமீட்டர். உள்ளே மரை போனால் பெரிய மரை வெட்டலாமே என்று தோன்றும். எட்டு எம்.எம். முளைக்குள் எட்டு எம்.எம். மரை எப்படி வெட்டுவது? உலோகமே இல்லை.

முதலில் வந்த இரண்டு மூன்று வண்டிகளை அப்பா திருப்பி அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தூங்கவில்லை. நான்காவது வண்டிக்கு வழி கண்டார். கெட்ட முளையை அரத்தால் மட்டமாக ராவி எடுத்துவிட்டு, லேத்தில் கடைந்த புது முளையை அதே இடத்தில் பித்தளை வெல்டிங்கில் ஒட்டுவது. ஆர்க் வெல்டிங் வைத்தால் மெல்லிசுக் குழாய் ஓட்டையாகிவிடும். கேஸ் சுடரில் இரும்பைச் செம்பருத்தி நிறத்துக்குக் கொண்டுவந்து, வெங்காரம் தொட்ட பித்தளைக் கம்பியை வைத்தால் பித்தளை உருகி இடுக்கெல்லாம் தானே ஓடி நிறையும். பழைய சைக்கிள் சட்டங்களின் மூட்டுகள் எல்லாமே இப்படித்தான் ஒட்டினவை. தட்டார் பொன்னை ஒட்டுவதும் அதே வெங்காரம் போட்டுத்தான். மறு பக்கத்து முளைக்கு நேர் பார்த்து நிறுத்துவதற்கு ஒரு முழு மத்தியானம் ஆகும். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பிரேக் கட்டை ரிம்மை விட்டு டயரைக் கடிக்கும்.

அலுமினிய ஃபோர்க்குகள் வந்ததும் அந்த வழியும் அடைந்தது. பித்தளை உருக 900 டிகிரிக்குப் பக்கம் வேண்டும். அலுமினியம் 660-இலேயே உருகிவிடும். டிஸ்க் பிரேக்கில் இரண்டு விதப் பிடிமானம் உண்டு. ஒன்றில் ஃபோர்க்கின் காதுகளில் 51 மில்லிமீட்டர் இடைவெளியில் வெறும் துளைகள். போல்ட் அவற்றின் ஊடாகப் போய் அந்தப் பக்கத்துப் பாகத்தின் மரையில் ஏறும். அது பழைய புத்தி, எனக்குப் பிடித்தது. இன்னொன்றில் 74 மில்லிமீட்டர் இடைவெளியில் ஃபோர்க்கிலேயே ஆறு எம்.எம். மரை. பையன் கொண்டுவந்தது இந்த இரண்டாம் வகை. இதுதான் இப்போது அதிகம்.

இதற்கு வழி சைக்கிள்காரர்களிடம் இல்லை. எனக்கு அது திருச்செங்கோட்டில் கிடைத்தது. அங்கே ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி கட்டுகிறார்கள். அந்த வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போட்டுவிட்டு வரும். துளையிடும் ராடுகள் ஒன்றோடு ஒன்று மரையில்தான் சேர்கின்றன. கல்லோடு மோதி மோதி அந்த மரை தேயும். தேய்ந்ததற்காக ராடை யாரும் எறிவதில்லை. மரை வெட்டுவதே பிழைப்பான லேத் பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அப்படி ஒன்றில், மொபெட்டின் அலுமினியத் தலையில் பிளக் மரை போனதற்குக் காயில் என்கிற கம்பிச் சுருள் போடுவதைப் பார்த்தேன். அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். “என்னுங்க தம்பி, லேத்து போடறீங்களா?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். சைக்கிள் கடை என்றதும் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார்.

மறுநாள் பையனின் ஃபோர்க்கை வைஸில் துணி சுற்றிப் பிடித்தேன். 6.3 மில்லிமீட்டர் டிரில்லால் துளையை நேராகப் பெரிதாக்கி, காயிலுக்கென்று உள்ள மரை வெட்டும் டேப்பில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இறக்கினேன். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்தான், எண்ணெய் விட்டால் பிசிறு அப்பிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் முறிகிற சத்தம் கைக்குத் தெரியும். ஊதித் துடைத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் செய்த சுருளை மேல்விளிம்புக்கு ஒரு மரை கீழே நிற்கிற மாதிரி ஏற்றினேன். அடியில் குறுக்கே நிற்கிற சின்ன வால்துண்டைத் தட்டி முறித்து எடுத்தேன். இப்போது துளைக்குள் பழையபடி ஆறு எம்.எம். மரை, அலுமினியத்துக்குப் பதில் எஃகு மரை. கெடாமல் இருந்த இன்னொரு துளைக்கும் அதையே போட்டேன்.

அப்பாவுக்கு இப்போது கண் பார்வை மங்கல். போல்ட்டைக் கையில் கொடுத்தேன். மூன்று சுற்று விரலால் ஏற்றினார், பக்கவாட்டில் ஆட்டினார், இன்னும் இரண்டு சுற்று ஏற்றினார். “புடிக்குது” என்றார். டார்க் ஸ்பேனரில் 7 நியூட்டன்-மீட்டர் வைத்து முடுக்கினேன். பையன் வந்து தெருவில் நாலு தடவை ஓட்டி, முன் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

அந்தக் காயில் டேப்பின் தண்டிலும் எம்6 என்றுதான் பொறித்திருக்கும். வெட்டுவதோ ஏழேகால் மில்லிமீட்டருக்கு மேல். கடையில் வேலை பழகுகிற பையன் சாதா டேப் என்று நினைத்து நல்ல துளையில் இறக்கிவிட்டால் அந்தத் துளை போச்சு. அதனால் அதன் கழுத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.